புளியில் ஊறிய தோட்டாக்கூடுகள்

எங்கள் மாமாவுக்குத் தெரியாத வேலை என்று ஒன்று கிடையாது. கிடைக்காத வேலைகள்தான் நிறைய.

உம்மாவின் ஒரே தம்பி அவர். விசிட் விசாவில் வந்து, ஷார்ஜா ரோலாவில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் தங்கியிருந்தார். ஹால் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ஒரு சோபா, ஒரு டீவி, என் பள்ளிக்கூடப் பை, மாமா, இவ்வளவுதான் அதில் கொள்ளும். காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குக் கிளம்புவார். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டால் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாயா என்றால் ஓட்டுவேன். ஏசி மெக்கானிக்கா என்றால் பிறந்ததிலிருந்தே. மதியச் சோற்றுக்குள் வீடு திரும்பிவிடுவார். “வேல தெரியாதுன்னு சொல்றவனுக்கு எவன் லாத்தா வேல குடுப்பான்?” என்று உம்மாவிடம் நியாயம் கேட்பார். தெரியும் என்று சொன்னவனுக்கும்தான் எவனும் கொடுக்கவில்லை. உம்மா அதைச் சொல்லமாட்டார். பெரிய மீன் துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைப்பார்.

எனக்கு மாமா வேண்டும். அவர் வருவதற்கு முன்பு எங்கள் வீட்டில் சத்தமே இருந்ததில்லை. வாப்பா ஓர் அரபி வீட்டில் டிரைவர். நாளெல்லாம் ரோட்டுச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் மௌனம் தேவைப்படும். உம்மாவுக்கு ஊருக்கு போன் பேசும்போது மட்டும்தான் குரல் வரும். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் வீட்டில் தலையாட்டலுமாக வளர்ந்துகொண்டிருந்தேன். மாமா வந்து இறங்கினார். அடிக்கடி நின்றுபோகும் எங்கள் லிஃப்டுக்குச் ‘சீக்காளி’ என்று பேர் வைத்தார். எதிர் ஃப்ளாட்டுப் பூனையை ‘முதலாளி’ என்று கூப்பிட்டு சலாம் போட்டார். பஸ் வந்து நின்றதும் என் பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, சுமைகூலி கேட்டுக்கொண்டே வீடுவரை நடப்பார். சாயங்காலம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற ஒவ்வொருவரும் மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி டப்பிங் கொடுப்பார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

அவருடைய விசா முடியப்போகிறது என்று பெரியவர்கள் அடுப்படியில் குசுகுசுத்தார்கள். டிக்கெட் போட வேண்டும் என்று வாப்பா சொன்னதும், உம்மா பாத்திரத்தை வறட்டு வறட்டென்று தேய்த்ததும் எனக்குக் கேட்டது. என் கணக்கு ரொம்பச் சுலபம். வேலை கிடைத்தால் மாமா எங்களோடு இருப்பார். கிடைக்காவிட்டால் போய்விடுவார். தொழுதுவிட்டுக் கையேந்தும்போதெல்லாம் இதைத்தான் கேட்டேன். என்ன வேலை என்று குறிப்பிட்டுக் கேட்கவில்லை. அதை அல்லாஹ்வின் சௌகரியத்துக்கு விட்டுவிட்டேன்.

அந்தச் சௌகரியம் வாப்பாவின் முதலாளி வழியாக வந்தது.

அவரை நாங்கள் அர்பாப் என்போம். துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். தூரத்தில் அட்டை நட்டு, அதில் கறுப்புப் பொட்டு வைத்து, அந்தப் பொட்டுக்குள் சுடுகிற விளையாட்டு. அதற்கான அரசாங்க அனுமதியெல்லாம் முறையாக வைத்திருந்தார். தைத் போகிற பக்கம் மணல்மேட்டை ஒட்டி அவருக்கு ஒரு மஸ்ரா, அதாவது தோட்டமும் வீடுமான இடம், இருந்தது. அங்கே ஒரு பூட்டிய அறையில் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்வார். கடையில் புதுத் தோட்டா கிடைக்காதா என்று வாப்பா ஒருமுறை கேட்டுவிட்டாராம். அர்பாப் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி விளக்கினாராம். சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூடு, வெடித்த வேகத்தில் உப்பி, அந்தத் துப்பாக்கிக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஆகிவிடும். அதைக் கழுவி மறுபடி நிரப்பினால்தான் குறி நிற்கும். புதுக் கூடு என்பது ரெடிமேட் சட்டை, தோளில் தொங்கும்.

கூடுகளைக் கழுவுவதற்கும் மஸ்ராவைப் பார்த்துக்கொள்வதற்கும் ஓர் ஆள் இருந்தார். அவர் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊரோடு போய்விட்டார். அவர் போன கையோடு கூடு கழுவுகிற மெஷினும் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. அர்பாபுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி.

“மாப்ள, நாளைக்கு மஸ்ராவுக்கு வரச் சொல்லியிருக்காரு” என்று வியாழக்கிழமை வந்து சொன்னார் வாப்பா. “கூட்டையெல்லாம் வெளக்கிக் குடுக்கணும். சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்து பாப்பாராம். கை பிடிச்சிருந்தா விசா போடுறேன்னுட்டாரு.”

“பித்தளதானே மச்சான்? தெரியாத வேலயா நமக்கு?” என்றார் மாமா.

உம்மாதான் நடுங்கிப்போனார். “தோட்டாவா? போலீசு கீலீசு வந்தா என்னங்க பண்றது?”

“வெத்துக் கூடு புள்ள. மருந்தும் இல்ல, குண்டும் இல்ல. அடியில இருக்குற வெடிப் பொட்டக்கூட அர்பாபே தட்டி எடுத்து வச்சிட்டாரு. இங்கயா கொண்டாரப்போறேன்? அவரு வீட்டுல வச்சுத்தான்.”

உம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நானும் வாரேன்” என்றார். ஊர் வீட்டில் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் படிக்கம், தாம்பாளம், பன்னீர்ச்செம்பு எல்லாவற்றையும் துலக்கியது யார், பக்கத்தில் உட்கார்ந்து வாயடித்தது யார் என்று அவருக்குத்தானே தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டோம். உம்மா ஒரு பெரிய பை நிறையப் புளி எடுத்துக்கொண்டார். மாமா ரோலா கடையில் பித்தளை பளபளக்கிற திரவம் என்று ஒரு டின் வாங்கிக்கொண்டார். கூடவே பள்ளிவாசல் வாசலில் மிஸ்வாக் குச்சி விற்கிறவரிடம் ஒரு கட்டு. “ஜும்மாவுக்குப் பல்லு வெளக்க ஒரு குச்சி போதாதாடா?” என்று உம்மா கேட்டதற்கு, “எதுக்கும் இருக்கட்டும் லாத்தா” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்குவது மாமாவின் பழக்கம். எதற்கும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் இருந்தது.

மஸ்ராவின் பின்பக்கம் குழாயடி, ஒரு வேப்பமரம், அதை ஒட்டி, முன்பிருந்த ஆள் தங்கிய ஒரு சின்ன அறை. அறை திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கட்டில், ஓர் ஏசி, சுவரில் சட்டை மாட்ட ஆணிகள். உம்மா உள்ளே போய் ஏசியைப் போட்டுப் பார்த்தார். பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தார். கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். “பரவால்ல, காத்தோட்டமா இருக்கு” என்று வாப்பாவிடம் சொன்னார். அடுத்தவர் வீட்டில் வந்து உம்மா இப்படி நோட்டம் விடுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அர்பாப் வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியில் மெலிந்து உயரமாக, குரலை உயர்த்தாத மனிதர். என் தலையைத் தொட்டு ஏதோ துஆ சொன்னார். ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். நூற்றுச்சொச்சம் கூடுகள். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம், கழுத்து ஒடுங்கிய குட்டி பாட்டில் மாதிரி. வாயில் கரி, மேலே பழுப்பும் கறுப்பும் மணலும்.

மாமா தன் டின்னைத் திறந்தார். அர்பாப் கையை நீட்டி வாங்கி மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். “ஹாதா மாஃபி”, இது ஆகாது, என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாப்பாவிடம் இந்தியில் சொன்னார். இந்த நெடி அமோனியா. மேலே தங்கம் போல மின்னும், ஆனால் பித்தளையின் உறுதியைத் தின்றுவிடும். அடுத்த முறை சுடும்போது கூடு விரியும். தன் கன்னம் இருப்பது அதற்குப் பக்கத்தில் என்றார்.

“அதான் மச்சான், கடையிலேயே எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் மாமா.

அர்பாப் புரிந்தோ புரியாமலோ தலையசைத்துவிட்டுப் போனார். உம்மா டின்னைப் பிடுங்கி வண்டிக்கு அடியில் வைத்தார். “கரியக் கழுவு மொதல்ல. பொறவு புளி. வாயை மூடிக்கிட்டு வேலயப் பாரு.”

உள்ளே இருந்த கரிதான் பெரிய பாடு. விரல் நுழையாது. துணியைத் திரித்து விட்டால் பாதியில் நின்றுகொள்ளும். மாமா மிஸ்வாக் கட்டைப் பிரித்தார். ஒரு குச்சியின் முனையை மென்று நார் நாராக்கி, கூட்டுக்குள் விட்டுத் திருகி எடுத்தார். உள்ளே துடைத்த மாதிரி வந்தது. அதன் பிறகு மாமா வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குச்சிகளை மெல்லத் தொடங்கினார். நார் தேயத் தேய வேறு குச்சி வேண்டும். காரத்தில் அவர் நாக்கு மரத்து, உதடு தடித்துவிட்டது. என் நினைவு தெரிந்து மாமா அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அங்கேதான். வாப்பா இரண்டு தடவை வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சோப்புத் தண்ணீரில் கூட்டை முக்கி, குச்சியை விட்டுத் திருகி, உம்மா பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் உம்மா வெந்நீரில் புளியைக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, கூடுகளை அதற்குள் இறக்கினார். “கொஞ்ச நேரந்தான். பாங்கு சொன்ன உடனே எடுத்துடணும். கூடக் கெடந்துச்சுன்னா செவந்து போவும்” என்றார். பாங்கு சொன்னது. ஆண்கள் ஜும்மாவுக்குக் கிளம்பினார்கள். உம்மா அபாயாவின் கையைச் சுருட்டிக்கொண்டு வாளிக்குக் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் பின்வாசல் திறந்தது. அர்பாபின் மனைவி நின்றிருந்தார். “யல்லா, யல்லா” என்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்த பெண்ணும் பிள்ளையும் வெளியே வெயிலில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வேலையைக் காட்டி உம்மா ஏதோ சைகை செய்து பார்த்தார். அந்த அம்மா நேராக வந்து உம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். முதலாளி வீட்டுப் பெண்ணின் கையை எப்படி உதறுவது? “ரெண்டு நிமிசத்துல வந்துடுவோம்” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே உம்மா உள்ளே போனார்.

உள்ளே குளிர். காலடியில் கம்பளம். பேரீச்சம்பழத் தட்டு. அந்த அம்மா தன் கையாலேயே மூக்கு நீண்ட தல்லாக் கூஜாவிலிருந்து, பிடியில்லாத குட்டிக் கோப்பையில் கஹ்வாக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். உம்மா இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தும் ஓர் அரபி வீட்டுக்குள் உட்கார்ந்ததில்லை. கஹ்வாவின் கசப்பில் அவர் முகம் கோணியது எனக்கு மட்டும் தெரிந்தது. சீக்கிரம் குடித்தால் சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையை நீட்டினார். அந்த அம்மா சந்தோஷமாக இன்னொரு முறை ஊற்றினார். உம்மா இன்னும் வேகமாகக் குடித்தார். இன்னும் வேகமாக ஊற்றினார். “ஷுக்ரன்” என்று தனக்குத் தெரிந்த ஒரே அரபிச் சொல்லை உம்மா சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒரு கோப்பை கிடைத்தது. மரியாதையாக வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த உம்மாவின் நெற்றி, அந்த ஏசியிலும் வேர்த்தது. என் காதில், “புளி, புளி” என்றார். நான் என்ன செய்வேன்? எனக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த வீட்டில் வேலை செய்கிற இலங்கை அக்கா பழத்தட்டோடு வந்தார். மலையகத்துக்காரர். உம்மா தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். “ஐயோ அக்கா, கோப்பைய இப்புடி லேசா ஆட்டிக் குடுங்க. ஆட்டலன்னா இன்னும் வேணும்னுதான் நெனப்பாங்க.”

“இத முன்னயே வந்து சொல்லக்கூடாதாம்மா நீ!” என்று உம்மா கோப்பையை ஆட்டிய ஆட்டில் பேரீச்சங்கொட்டை உருண்டது. ஆனால் பேர் சொல்லும்படி விருந்து உபசரித்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியுமா? சிரித்து, தலைகுனிந்து, அந்த அம்மா கன்னத்தில் கொடுத்த முத்தங்களை வாங்கி, பின்வாசலைத் தாண்டிய பிறகுதான் ஓடினார்.

வாளிக்குள் கூடுகள் செக்கச் செவேலென்று கிடந்தன. கறுப்பு போயிருந்தது, கூடவே பித்தளையும் போயிருந்தது. மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை. கல்யாண வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வெட்கப்படுகிற பெண்கள் மாதிரி எல்லாம் ஒரே சிவப்பு. உம்மா ஒன்றை எடுத்துத் துணியால் தேய்த்தார். போகவில்லை. இன்னொன்று. அதுவும் போகவில்லை. அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆண்கள் வந்தார்கள். ஜும்மா முடிந்து அர்பாப் அவர்களை விடாமல் ‘மந்தி’ என்கிற ஆட்டுக்கறிச் சோற்றுக்கு உட்கார வைத்திருக்கிறார். சோறு மணக்கும் கையோடு மாமா ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, வாளியைப் பார்த்து, ஏப்பத்தை நிறுத்தினார்.

“என் கையாலயே உன் பொழப்பக் கெடுத்துட்டேன்டா தம்பி” என்று உம்மா அழுதார்.

வாப்பா ஒரு கூட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அசருக்கு வந்துடுவாரு. என்ன மாப்ள சொல்லப்போற?”

மாமா மரத்துப்போன உதட்டைக் கடித்தார். “தெரியல மச்சான்.”

நாங்கள் மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

உம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார். மேலே படிந்தது வெறும் தோல்தான். சாம்பல் போட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கிற மஞ்சள் வந்துவிடும். ஒன்றிரண்டு என்றால் கையால் தேய்த்துவிடலாம். இத்தனையையும் அசருக்குள் யார் தேய்ப்பது?

சாம்பலுக்குப் பஞ்சமில்லை. மந்திச் சோறு ஆக்கிய நெருப்புக் குழியில் சூடு ஆறிக்கொண்டு கிடந்தது. இலங்கை அக்கா அதன் மேல்பக்கத்துச் சாம்பலாகப் பார்த்து ஒரு சட்டி நிறைய வாரிக் கொடுத்தார். உம்மா துப்பட்டாவில் சலித்தார். அந்நேரம் மாமாவைக் காணோம். அறைக்குப் பக்கத்துக் கொட்டகையில், ரிப்பேருக்காக ஒதுக்கிவைத்த அந்த மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே ஏதோ கொட்டை ஓடுகளை இடித்த தூள் இருந்தது. டப்பாவைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. பிறகு போட்டார் ஒரு சத்தம்.

“லாத்தா! இது மெஷினே இல்ல லாத்தா! டப்பா! சும்மா கெடந்து உருளுது, அம்புட்டுத்தான்! இதுக்கா மோட்டாரு, கீட்டாரு?”

மெஷினின் டப்பாவில் அத்தனையும் ஒரேயடியாகக் கொள்ளாது. கொட்டகையில் மூடி இறுக்கமான பெயிண்ட் டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. கழுவித் துடைத்தோம். கூடுகளைக் கொட்டினோம். ஓட்டுத் தூளும் சலித்த சாம்பலும் சேர்த்தோம். மாமா மூடியை அடித்து இறுக்கி, டேப்பைச் சுற்றினார். தரையில் உருட்டிப் பார்த்தால் நகர்ந்ததே தவிர உள்ளே புரளவில்லை. மாமா நிமிர்ந்து பார்த்தார். மஸ்ராவின் வேலிக்கு அப்பால் சிவப்பு மணல்மேடு நின்றது.

அடுத்து நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாமாவும் நானும் டப்பாவை மேட்டின் மேலே தூக்கிக்கொண்டு போய் உருட்டிவிட்டோம். அது கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு, துள்ளி, கீழே போய் மணலில் புதைந்து நின்றது. கீழே பிடிக்க ஆள் வேண்டும். வாப்பா, ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, எந்த இடத்திலும் குரல் உயர்த்தாத என் வாப்பா, கோல்கீப்பர் மாதிரி காலை அகட்டி நின்றார். “விடு மாப்ள!” என்று கத்தினார். டப்பா அவரைத் தாண்டிப் போனது. துரத்திக்கொண்டு ஓடினார். மறுமுறை அதன் மேலேயே விழுந்து பிடித்தார். மேலே தூக்கி வர உம்மா அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். சற்றுமுன் அழுத முகம் மணல் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. வேலிக்குள் இருந்த ஒட்டகங்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. “மருமவளே, அந்த ஒட்டகம் என்ன நெனக்குது தெரியுமா?” என்றார் மாமா மூச்சு வாங்க. “‘எங்களக் கேலி பேசுன பயலுவ, கடைசியில இவனுவளும் மணல்ல பாரஞ் சொமக்குறானுவ’ங்குது.”

எத்தனை முறை ஏறினோம், எத்தனை முறை உருட்டினோம்! திரும்பிப் பார்த்தால் அடிவாரத்தில் அர்பாப் நிற்கிறார்.

எங்கள் எல்லாருக்கும் உயிர் போய்விட்டது. வாப்பா டப்பாவைக் கட்டிப்பிடித்தபடியே மணலில் உட்கார்ந்திருந்தார். அர்பாப் கிட்டே வந்தார். டப்பாவைப் பார்த்தார். மேட்டில் விழுந்திருந்த தடங்களைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி, “மெஷின்... சேம் சேம் மெஷின்” என்றார். அர்பாபின் மீசை அசைந்தது. கந்தூராவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மேட்டில் ஏறினார். வாப்பா கொண்டுவந்து கொடுத்த டப்பாவைத் தன் கையால் வைத்து, காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது உருண்டுபோய் நிற்கும்வரை சின்னப் பையன் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார்.

குழாயடியில் மூடியைத் திறந்தோம். சாம்பலும் தூளும் சலித்துக் கீழே போக, துப்பட்டாவில் மிஞ்சியது தங்கம். வேறு சொல் எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. தண்ணீரில் அலசி, வாப்பாவின் வண்டி பானெட்டில் துணி விரித்துப் பரப்பினோம். அந்த வெயிலில் அந்தப் பானெட்டில் தோசை சுடலாம். கூடுகள் காய்வதா கஷ்டம்? அர்பாப் ஒவ்வொன்றாக எடுத்தார். கழுத்தைத் தடவினார். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலைத் தேய்த்தார். ஒன்றை மோந்து பார்த்து, புருவத்தைத் தூக்கினார். “தமர் ஹிந்தி?”

புளி என்றால் அவர்கள் மொழியில் அதுதான். நோன்பு திறக்கும்போது அதைச் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். வாப்பா பயந்துகொண்டே ஆமாம் என்றார். அர்பாப் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! வீட்டுக்குள் பார்த்து மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார், தோட்டக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். “நோன்புக்கு நான் குடிக்கிறதை என் துப்பாக்கிக்குக் குடுத்திட்டாங்க” என்று சொல்கிறார் என வாப்பா எங்களுக்கு மொழிபெயர்த்தார். பிறகு மாமாவின் தோளில் கையை வைத்தார் அர்பாப். “ஜெய்ன், நல்ல வேலை. ஹலாஸ், முடிந்தது. நாளைக்குப் பாஸ்போர்ட் கொண்டு வா.”

மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு குழாயடியைச் சுற்றி வந்தார். உம்மா வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு, அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்றார். திரும்பி வரும்போது வண்டியில் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். வாப்பாகூடப் பேசினார். தான் எப்படிப் பாய்ந்து பிடித்தார் என்பதை மறுபடி மறுபடி சொன்னார். ரோலா வந்ததும் அல்வா வாங்கி, சீக்காளி லிஃப்டில் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் மாமா வாயில் ஊட்டினார். கட்டடத்தைக் காவல் காக்கிற நாத்தூர் பாய்க்கு ஊட்டினார். முதலாளிக்கும் ஒரு துண்டு வைத்தார். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் தலைநிமிர்ந்து நடந்தேன். என் மாமா இனிமேல் இங்கேதான், ஊருக்குப் போகமாட்டார், நானும் மிஸ்வாக் பிடித்துத்தான் அந்த வேலை கிடைத்தது என்று இங்கிலீஷில் எல்லாரிடமும் சொன்னேன். நான் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றேதான் என்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

விசா வந்து, வேலையில் சேர்கிற நாளும் வந்தது. உம்மா விடியற்காலையிலேயே எழுந்து நெய்ச்சோறும் கறியும் ஆக்கினார். மாமாவின் சட்டைகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தார். ஒரு சட்டையை மடித்தவர், பிரித்து, மறுபடி மடித்தார். சந்தோஷத்தில் மடிப்பு மறந்துவிட்டது என்று நினைத்தேன். வாப்பா கீழே ஹாரன் அடித்தார். மாமா என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, “மருமவளே” என்றார். அடுத்து ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறார் என்று நான் சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருந்தேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

என் மாமா டியூட்டிக்குப் போகிறார் என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, அவருக்கு முன்னால் நானே படியிறங்கி ஓடினேன். வண்டி டிக்கியைத் திறந்து, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த அவருடைய தலையணையை நானே உள்ளே வைத்தேன். டியூட்டிக்குப் போகிறவர்கள் தலையணையையும் எடுத்துக்கொண்டா போவார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.